முறைப்பாடு இல்லாத நான்கு தொடர்மாடிகள்

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் ஒரு நிறுவனத்தின் முன்மொழிவை வைத்துக்கொண்டு எங்கள் பட்டியலின் ஒன்பதாவது கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தேன். கைபேசி மேசையில் ஒருமுறை அதிர்ந்தது. புளோரா அக்காவின் மகன் டானியல் டெனிஷ் மொழியில் இரண்டு வரி எழுதியிருந்தான். அம்மா இன்று காலை ஓகூஸ் மருத்துவமனையில் இறந்துவிட்டார். உங்களுக்கு அறிவிக்கச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான்.

நான் மறுபடி மேசையைப் பார்த்தேன். விரல் இன்னும் அந்தக் கேள்வியின் மேலேயே இருந்தது. அதை எங்கள் பட்டியலுக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். அலுவலகத்தில் யாரும் அதை ஒன்பது என்று சொல்வதில்லை. "புளோராவுக்கு விடை இருக்கிறதா?" என்றுதான் கேட்பார்கள். அவரைக் கண்ணால் காணாத புதியவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரை என்னைவிட நீண்டகாலம் அறிந்தவர்கள். மன்னாரில் இருந்து வந்தவர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவர், தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நின்று மற்றக் குரல்களையெல்லாம் தன் குரலால் மூடியவர். எனக்குத் தெரிந்தது அவருடைய ஒரு குளிர்காலம் மட்டும்தான். "புளோரா கொம்பனியோட சண்டை பிடிச்சு வெண்டவ" என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வென்றது உண்மை. எப்படி வென்றார் என்பதை அந்த மேசைக்கு மறுபக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

என் வேலையை என் அம்மாவுக்கு விளங்கப்படுத்தவே எனக்கு ஒரு வருடம் எடுத்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போய் என்ன வேலைக்கு வந்தாய் என்று கேட்டால் சட்டென்று சொல்ல ஒரு பெயர் இல்லை. அறைகள் குளிராதிருக்க நீரைச் சூடாக்கி நிலத்தடிக் குழாய்களால் வீடுகளுக்கு அனுப்பும் நிறுவனங்கள் எவ்வளவு விலை வாங்கலாம், எந்தத் தரத்தில் சேவை தரவேண்டும் என்று பொதுவான விதிகள் உண்டு. சில நேரம் ஒரு நிறுவனம், "இந்த விதி எங்கள் ஊருக்குப் பொருந்தாது, எங்களுக்கென்று தனி விதி தாருங்கள்" என்று கேட்கும். அந்தக் கோரிக்கை விதிகளைப் பார்க்கும் அரச அலுவலகமான எங்களிடம் வரும். எல்லாவற்றையும் ஆழமாக ஆராய ஆட்களும் இல்லை, காலமும் இல்லை. ஆகவே முதலில் ஒரு வடிகட்டல் நடக்கும். ஆவணங்கள் முழுமையா? ஒரு பக்கத்தில் சொன்னதை இன்னொரு பக்கம் மறுக்கிறதா? தருவதாகச் சொல்லும் தரத்தை அளந்து பார்க்க முடியுமா? பாவனையாளர்களிடம் கேட்டார்களா, கேட்டதால் ஏதாவது மாறியதா? இவற்றைத் தாண்டினால் கோப்பு நிபுணர்களிடம் போகும். அங்கே கூட்டல் குறைப்பு நடக்குமே தவிர, கோரிக்கையின் உருவம் பெரும்பாலும் மாறாது. வடிகட்டலில் போடும் ஒரு சரி அடையாளம் நாலு வருடத்துக்கு ஒரு ஊரின் விதியாகிவிடலாம்.

எனக்குத் தனியாகத் தரப்பட்ட முதல் கோப்பு குடாக்கரை ஊர் ஒன்றின் நிறுவனத்துடையது. பழைய குழாய்களைப் புதுப்பிக்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடியாது என்றது நிறுவனம். ஊரின் மேற்குப் பக்கத்துக்குப் புதுக் குழாய். கிழக்கில் இருக்கும் நான்கு தொடர்மாடிகளுக்கு நாலு வருடம் கழித்து. அதுவரைக்கும் அங்கே சற்றுச் சூடு குறைந்த நீர், பழுது வந்தால் திருத்த எட்டு மணித்தியாலத்துக்குப் பதிலாக ஒரு முழுநாள், ஈடாக விலையில் சிறிய கழிவு. காரணமும் சொல்லியிருந்தார்கள். மூன்று குளிர்காலமாக அந்த நான்கு கட்டடங்களில் இருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை. தொலைபேசியில் கருத்துக் கேட்டபோதும் எல்லாரும் திருப்தி என்றே சொன்னார்கள். அட்டவணை சுத்தமாக இருந்தது. மேற்கில் முறைப்பாடுகள் நிறைய, கிழக்கில் பூச்சியம்.

பாவனையாளர்களிடம் கேட்டார்களா என்ற கேள்விக்கு நான் சரி போட்டேன். அந்தக் கட்டடங்களில் யார் குடியிருக்கிறார்கள் என்று கோப்பில் இல்லை. நானும் தேடவில்லை.

கோரிக்கைகளை இரண்டு கிழமை பொதுப் பார்வைக்கு வைப்பது எங்கள் வழக்கம். வழக்கமாக ஒருவரும் பார்ப்பதில்லை. நாலாம் நாள் என் தொலைபேசி அடித்தது. டெனிஷில் என் பெயரைச் சொன்னேன். மறுபக்கத்தில் ஒரு பெண் குரல் தமிழுக்கு மாறியது.

"தமிழ்ப் பிள்ளையே?"

"ஓம்."

"எங்கத்தைய ஆக்கள்?"

"இஞ்ச, வைலே ஊரில பிறந்தனான். அப்பா அம்மா யாழ்ப்பாணம்."

"நல்லதாப் போச்சு. நான் புளோரா. இஞ்ச கிழக்குப் பக்கத் தொடர்மாடியில குடியிருப்பாளர் குழுவில இருக்கிறன். வேற ஒருத்தரும் நிக்கேல்லை, அதால என்னைப் போட்டவங்கள். கேள் பிள்ளை. கொம்பனிப் பேப்பரில எங்கட நாலு புளொக்கிலயும் ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லை எண்டு கிடக்கு. அது உண்மை."

"உண்மையே?"

"முழு உண்மை. ஒருத்தரும் செய்யேல்லை. ஆனா குளிருது."

நான் கோப்பைத் திறந்து அந்த அட்டவணையைத் தேடினேன்.

"அவங்கள் போன் எடுத்துக் கேட்கேக்க நானும் எல்லாம் நல்லம் எண்டுதான் சொன்னனான். கையில ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு சொன்னனான்."

"ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உங்கட வீட்டில என்ன சொல்லுவினம்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அப்பா கம்பளித் தொப்பியோடு சாப்பிடுவார். நான் போர்வைக்குள் இருந்து வீட்டுப்பாடம் செய்தேன். வருடத்தில் ஒருமுறை கட்டடப் பராமரிப்பாளர் கதவைத் தட்டி, வீடு சூடாக இருக்கிறதா என்று கேட்பார். அப்பா வாசலுக்குப் போகுமுன் தொப்பியைக் கழற்றி என்னிடம் தருவார். "ஓம், ஓம், மிகவும் நன்றி" என்று டெனிஷில் சொல்வார். கதவு மூடியதும் தொப்பியைத் திருப்பி வாங்குவார். ஒரு அலுவலகத்தில் இருந்து வந்தவரிடம் குறை சொன்னால் அது எங்கோ ஒரு கோப்பில் ஏறும், குடியுரிமை கேட்கும் நாளில் அந்தக் கோப்பைத் திறப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. இருந்தும் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. அதைத் தெரிந்த நான்தான் அந்தப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் சரி போட்டிருந்தேன்.

"பிள்ளை, லைனில நிக்கிறியோ?"

"நிக்கிறன் அக்கா. எழுத்தில அனுப்புங்கோ. இன்னும் பத்து நாள் இருக்கு. இதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லக்கூடாது."

"நீ இதுக்குக் கீழயும் ஒண்டும் சொல்லேல்லையே" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

என் மேலாளர் ஹென்ரிக்கிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர், அதனால் எனக்குப் பயம் குறைவு. அழைப்பைப் பற்றியும், நான் போட்ட சரி அடையாளம் பிழை என்று நினைப்பதையும், நானும் தமிழ் என்பதால் இந்தக் கோப்பில் இருந்து விலகவேண்டுமா என்பதையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ஊரில் உனக்கு உறவினர் உண்டா?"

"இல்லை."

"வீடு?"

"இல்லை."

"அப்படியென்றால் எங்களுக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரியும், அவ்வளவுதான். இப்போது சொன்னதை அப்படியே கோப்பில் எழுது. பிறகு வேலையைப் பார்."

அந்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது புளோரா அக்கா கதிரையில் ஏறி நின்றாராம். இதை எனக்குப் பிறகு சொன்னவர் சேவியர் அண்ணை. அக்காவுக்கு மேல்மாடியில் இருப்பவர், யன்னல் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அன்று அக்காவை முதலில் எதிர்த்ததும் அவர்தான்.

"நாளைக்கு ஆரேன் சிற்றிசன் பேப்பரை நிப்பாட்டினா நீயோ வந்து நிப்பாய்?" என்று கேட்டிருக்கிறார்.

"நிப்பன். கட்டிலில தொப்பியோட படுக்கிற மனுசன், உனக்கு இனி என்ன பயம் வேண்டிக் கிடக்கு?"

"தொப்பியைப் பற்றி உனக்கு ஆர் சொன்னது?"

"உன்ர மனுசிதான். சொக்ஸ் ரெண்டு சோடி எண்டும் சொன்னவ."

மண்டபம் சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவர் காரியத்தைச் சொல்லிவிட்டார். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்றை ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டும். பெட்டிக்குள் வைக்கக்கூடாது, இருக்கும் அறையில் வைக்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். பெரியவர்களுக்கு டெனிஷில் எழுதக் கூச்சமென்றால் பிள்ளைகள் எழுதட்டும். "கூட்டி எழுதாதேங்கோ, குறைச்சும் எழுதாதேங்கோ. நல்லாயிருந்தா நல்லாயிருக்கெண்டு எழுதுங்கோ, ஆனா பாத்திட்டு எழுதுங்கோ." அடுத்த நாள் அந்த ஊர்க் கடையில் வெப்பமானி முடிந்துபோனது. காசாளர் பெண் ஏதும் நோய் பரவுகிறதா என்று கேட்டாளாம்.

கடைசி நாளுக்கு முதல்நாள் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தடித்த உறை வந்தது. கொப்பித் தாள்கள், கோடு போட்ட தாள்கள், ஒரு நாட்காட்டியின் பின்பக்கம். பிள்ளைகளின் உருண்டை எழுத்து. பதினாறு, பதினைந்து, பதினாறு. சோமாலியக் குடும்பங்களும் இரண்டு முதிய டெனிஷ் பெண்களும்கூட எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமி எண்ணுக்குப் பக்கத்தில், "அம்மா எல்லாம் நல்லம் என்று எழுதச் சொன்னா, ஆனால் வெப்பமானி வேறு சொல்கிறது" என்று எழுதியிருந்தாள். உறையின் அடியில் ஒரு வெப்பமானியும் இருந்தது. அதில் ஒட்டியிருந்த துண்டில், "எங்கள் அளவில் சந்தேகம் இருந்தால் இதைச் சோதித்துப் பார்க்கவும். புளோரா" என்று இருந்தது.

ஹென்ரிக் அதை எங்கள் சுவர் வெப்பமானியின் பக்கத்தில் வைத்தார். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின.

"இவர்கள் எழுதியது ஆய்வுகூட அளவல்ல" என்றார். "நீரின் சூட்டைப் பற்றி இதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆனால் எங்கள் கேள்வி நீரைப் பற்றியதல்ல. இவர்களிடம் சரியாகக் கேட்டார்களா என்பதுதான்."

நிறுவனத்தையும் குடியிருப்பாளர் குழுவையும் ஒரே மேசைக்கு அழைத்தோம். நிறுவனத்தில் இருந்து ஒரு முகாமையாளரும் ஒரு இளம் பெண் பொறியியலாளரும் வந்தார்கள். கிழக்குத் தொடர்மாடிகளில் இருந்து புளோரா அக்கா, சிவப்பு மேலங்கி, கையில் வெள்ளித் தாள் மூடிய பெரிய தட்டு. முதல் தடவையாக அப்போதுதான் அவரை நேரில் கண்டேன். குரலை வைத்து நான் கற்பனை செய்ததில் பாதி உயரம்.

"றோல்ஸ்" என்று பொரித்த சிற்றுண்டித் தட்டை மேசையில் வைத்தார்.

நான் அவர் காதருகில் போய், கோப்பு முடியும்வரை எவரிடமும் எதையும் வாங்கிச் சாப்பிட எங்களுக்கு அனுமதியில்லை என்றேன்.

"லஞ்சமோ? றோல்ஸோ?" அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "உள்ளுக்கு மீன் பிள்ளை. மீனில ஆரடி லஞ்சம் குடுக்கிறது?"

கூட்டக் குறிப்பில் நானே எழுதினேன். சிற்றுண்டி கொண்டுவரப்பட்டது, ஏற்கப்படவில்லை, திரும்ப எடுத்துச் செல்லப்பட்டது.

முகாமையாளர் மரியாதையான மனிதர். பொய் சொல்லவும் இல்லை. "மூன்று குளிர்காலம். ஒரு முறைப்பாடும் இல்லை. நாங்கள் தொலைபேசியிலும் கேட்டோம். இதற்குமேல் ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார். அட்டவணையை எங்கள் பக்கம் தள்ளினார்.  நான் பேச வேண்டிய இடம் அது. வாய் வரவில்லை.

புளோரா அக்கா டெனிஷில் தொடங்கினார். சொற்கள் எல்லாம் டெனிஷ், இசை முழுக்க மன்னார்.

"நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மணி உண்டு. ஒரு கிழவர் மூன்று நாளாக மணி அடிக்கவில்லை என்றால், அவர் நன்றாக இருக்கிறார் என்று நாங்கள் எழுதுவதில்லை. எழும்பிப் போய்ப் பார்க்கிறோம்."

பொறியியலாளர் பெண் பேனையை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். முகாமையாளர் அட்டவணையைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தார்.

அப்போது எனக்கு வாய் வந்தது. தொலைபேசியில் கேட்ட கேள்விகளின் பட்டியலை எடுத்துக் காட்டினேன். "எங்கள் சேவையில் திருப்தியா?" என்றுதான் கேட்டிருந்தார்கள். உங்கள் அறை எத்தனை பாகை என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. சூடு குறையப்போகிறது, பழுது திருத்த ஒரு நாள் ஆகும், இதற்குச் சம்மதமா என்றும் கேட்கவில்லை. "இந்தப் பகுதிக்கு பிழையாகச் சரி போட்டது நான்" என்றேன். "அதை மாற்றுகிறேன்."  

கோரிக்கை வடிகட்டலைத் தாண்டவில்லை. காரணங்களோடு திருப்பி அனுப்பினோம். நிறுவனம் இந்தமுறை வீடு வீடாக ஆள் அனுப்பியது, கையில் வெப்பமானியோடு. போன பெண் அதே பொறியியலாளர். சேவியர் அண்ணையின் கட்டிலறையில் அவளுடைய கருவி காட்டியதும் பிள்ளைகள் எழுதியதும் ஒன்றாக இருந்தன. வசந்த காலத்தில் புதிய முன்மொழிவு வந்தது. நான்கு தொடர்மாடிகளின் குழாய்கள் முதலில், மேற்குப் பக்கம் பிறகு. பழுதுக்கு எல்லாருக்கும் ஒரே எட்டு மணித்தியாலம். அது வடிகட்டலைத் தாண்டியது, நிபுணர்களின் ஆய்விலும் தேறியது, விதியாயிற்று. எவருடைய குடியுரிமைக் கோப்பிலும் எதுவும் ஏறவில்லை. சேவியர் அண்ணைக்கு அந்தக் கோடையிலேயே குடியுரிமைக் கடிதம் வந்தது. அதற்கும் புளோரா அக்காதான் காரணம் என்று அவர் இன்றுவரை நம்புகிறார். எவ்வளவு சொல்லியும் மாறுவதாயில்லை.

முடிவு வந்த கிழமை எங்கள் அலுவலக வாசலில் மறுபடி வெள்ளித் தாள் மூடிய தட்டு. இம்முறை சாப்பிடத் தடையில்லை. ஹென்ரிக் நாலு றோல்ஸ் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுப் பட்டியலைத் திறந்து எட்டாவது கேள்விக்குக் கீழே புதிதாக ஒன்றைத் தட்டச்சு செய்தார். "முறைப்பாடு செய்யாதவர்களிடம் யார், எப்படிப் போய்க் கேட்டார்?"

அந்த ஐப்பசியில் முதல் குளிர் விழுந்த நாள் புளோரா அக்கா தொலைபேசி எடுத்தார். வணக்கம்கூட இல்லை.

"பிள்ளை, நான் வீட்டுக்குள்ள அரைக்கைச் சட்டையோட நிக்கிறன்! யன்னலும் திறந்து கிடக்கு!"

"யன்னலைப் பூட்டுங்கோ அக்கா, சூடு வீணாப் போகும்."

"போகட்டும். இண்டைக்கு ஒரு நாளைக்குப் போகட்டும்."

ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஹீற்றரில் கையை வைத்ததும் எடுக்கவேண்டியிருந்தது. மேல்மாடியில் இருந்து சேவியர் அண்ணை இறங்கி வந்தார், தொப்பி இல்லாமல். அவருக்குத் தலைமுடி இல்லை என்பது சூடு வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவந்தது என்று அக்கா சொன்னார்.

நோய் அடுத்த வருடம் வந்தது. அதிக காலம் எடுக்கவில்லை. மருத்துவமனையில் ஒருமுறை பார்த்தேன். தாதி வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "நல்லமில்லை" என்று டெனிஷில் தெளிவாகச் சொல்லி, எங்கே வலி, எவ்வளவு நேரமாக என்று முழு விபரமும் கொடுத்தார். தாதி போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இறுதிப் பூசைக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். அதற்குப் பிறகு மண்டபத்தில் இருந்தோமே, நினைவிருக்கும். எல்லாரும் மேலங்கியோடு, கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, வாயில் இருந்து புகை வர. யாரோ சூட்டைப் போட மறந்திருந்தார்கள். நூறு பேர், எல்லாரும் புளோரா அக்காவின் ஆட்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கடைசி வரிசையில் இருந்தேன். எழும்பி எல்லாரையும் தாண்டிப் போய், கதவடியில் நின்ற டெனிஷ் பராமரிப்பாளரிடம், "இங்கே குளிர்கிறது" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"பிள்ளை," என்று முன்வரிசையில் இருந்து சேவியர் அண்ணையின் குரல், "எழுத்தில குடுக்க வேணாமோ?"

முதலில் சிரித்தவன் டானியல். பிறகு எல்லாரும். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். குழாய்களுக்குள் நீர் தட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக மேலங்கிகளைக் கழற்றினார்கள். பாட்டுக்குழு பாடத் தொடங்கியது. குரல்களை மூட ஆளில்லாததால் அன்றுதான் எல்லாருடைய குரலும் கேட்டது, நன்றாகவே பாடினார்கள்.

திங்கட்கிழமை, செய்தி வந்த அன்று பாதியில் விட்ட முன்மொழிவைத் திறந்தேன். ஒன்பதாவது கேள்விக்கு நிறுவனம் ஒரு வரி எழுதியிருந்தது. இப்பகுதியில் முறைப்பாடுகள் எதுவும் பதிவாகவில்லை. திருப்பி அனுப்பினேன். காரணத்தை எழுதிக் கீழே என் முழுப் பெயரையும் போட்டேன்.

அவருடைய அந்தச் சின்ன வெப்பமானி என் மேசையில் நிற்கிறது. கோப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வைச்சிரு, உனக்கு வாய் வராட்டி அது சொல்லும்" என்றார். இன்றைக்கு இருபத்தொரு பாகை காட்டுகிறது. கேட்டால் நானே சொல்லுவேன், அக்கா.